மூணு கேட்டுச்சுங்களா?

திருப்பூரில் நான் வேலை பார்த்த பனியன் கம்பெனியில் ஒரு பெண்மணி இருந்தார். போனில் பேசினால் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நம்பர் போட்டுத்தான் பேசுவார்.

“ஒண்ணு. நான் ஊட்டுக்கு வர ஏழு மணி ஆகுமுங்க. ஒண்ணு கேட்டுச்சுங்களா?”

அந்தப் பக்கம் அவருடைய கணவர், “ஒண்ணு கேட்டுச்சு” என்பார்.

“ரெண்டு. மாவ எடுத்து வெளிய வெச்சிருங்க. ரெண்டு கேட்டுச்சுங்களா?”

“ரெண்டு கேட்டுச்சு.”

“மூணு...” என்பதற்குள் லைன் அறுந்துவிடும். நானாக இருந்தால் போனைப் பார்த்து நாலு வார்த்தை திட்டியிருப்பேன். அவர் போனைக் கையில் வைத்துக்கொண்டு உதட்டுக்குள்ளேயே பத்து வரை எண்ணுவார். பிறகு மறுபடி கூப்பிடுவார். அலோ கிடையாது, எங்கே விட்டேன் என்ற கேள்வி கிடையாது. “மூணு. பூன வந்துரும், சன்னல சாத்துங்க. மூணு கேட்டுச்சுங்களா?”

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் இதைக் கேட்டுவிட்டு, இந்த அம்மாவுக்கு ஏதோ கோளாறு என்று முடிவு செய்தேன். மறுநாள் அவருடைய அம்மா கணியூரிலிருந்து கூப்பிட்டார். ஸ்பீக்கரில் அந்த அம்மாளின் குரல் கணீரென்று வந்தது: “ஒண்ணு. முருங்கக்கா காய்ச்சிருக்குது. கேட்டுச்சா கண்ணு?” அப்புறம்தான் விளங்கியது. அவர்களுடைய தோட்டத்தில் கிணற்று மேட்டில் ஏறி நின்றால் மட்டுமே போனில் சிக்னல் வரும். அதுவும் நிமிடத்துக்கு ஒருமுறை அறுந்து அறுந்து வரும். பாதிப் பேச்சில் அறுந்து, சொன்னதையே சொல்லி, சொல்லாததைச் சொன்னதாக நினைத்துச் சண்டை போட்டு அலுத்துப்போய், தாயும் மகளும் கண்டுபிடித்த ஏற்பாடு அது. பிறகு புருஷனுக்கும் பழக்கினார். கடைசியில் கம்பெனிக்கே பழக்கினார்.

எங்கள் கம்பெனி அனுப்பர்பாளையத்தில், பாத்திரப் பட்டறைகளுக்கு நடுவே இருந்தது. வெளியே டங் டங் என்று சுத்தியல் சத்தம், உள்ளே கடகடவென்று தையல் மெஷின் சத்தம். அவர் அங்கே செக்கிங் டேபிளில் பனியனில் ஓட்டை தேடும் வேலைக்குச் சேர்ந்தவர். தபால் வழியில் ஒரு டிகிரி முடித்து ஆபீசுக்கு டைப் அடிக்க வந்தார். கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொண்டிருந்த இன்ஜினியர் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் பெங்களூருக்கு ஓடிவிட, அந்த நாற்காலியில் இவரை உட்காரவைத்தார்கள். அன்றிலிருந்து எல்லோருக்கும் ‘சிஸ்டம் அக்கா’. எனக்கும் அவருக்கும் வயது ஏறக்குறைய ஒன்று என்பதால் நான் ‘மேடம்’ என்று கூப்பிட்டேன்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நான் தென்காசிக்காரன். ஆர்டர்களைப் பின்தொடரும் மெர்ச்சண்டைசர் வேலை. பொறுமை என்பது என் ஜாதகத்திலேயே கிடையாது. லிப்ட் பட்டனை அது வந்து சேரும்வரை அமுக்கிக்கொண்டே இருப்பேன். சிக்னலில் பச்சை விழுவதற்கு முன்பே ஹாரன் அடிப்பேன். இந்தக் குணத்தால் அதற்கு முன் இரண்டு கம்பெனிகளில் வேலை போயிற்று. என் மாமனாருக்குத் தென்காசியில் வத்தல் மண்டி. “இதுவும் போச்சுன்னா பேசாம இங்க வந்து உக்காரும் மாப்பிள” என்று சொல்லிவைத்திருந்தார். மிளகாய் வத்தல் நெடி மூக்கில் ஏறினால் எனக்கு ஒரே மூச்சில் இருபது தும்மல் வரும். மிச்ச ஆயுளை மாமனாருக்குக் கீழே, தும்மிக்கொண்டே கழிப்பதை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு நடுங்கும். மூன்றாவது வேலை எனக்கு எவ்வளவு முக்கியம் என்பதற்காகச் சொன்னேன்.

கம்பெனிக்கு நெட் வரும் ஒயர் கேட் பக்கத்து வேப்பமரத்தின் கிளையில் தொங்கிக்கொண்டு வந்தது. ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள், ஒயர் எம்மாத்திரம்? கிளை ஆடினால் நெட் அறுந்தது. கிளை நின்றால் வந்தது. ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்று கணக்கே கிடையாது. ஒவ்வொரு தடவையும் ஆபீசில் ஒரு குரல், “நெட் போச்சு!” என்று கத்தும்.

அந்த வார்த்தை அவருக்கு ஆகாது. “போச்சுன்னு சொல்லாதீங்க. ஊட்ட விட்டுக் கெளம்பறவங்களப் பாத்துப் போறாங்கன்னு சொல்லுவீங்களா? போயிட்டு வருதுன்னு சொல்லுங்க” என்பார். கொஞ்ச நாளில் மேனேஜர் முதல் வாட்ச்மேன் வரை, “அக்கா, நெட் போயிட்டு வருது!” என்று கத்தப் பழகிவிட்டார்கள்.

அவருடைய சித்தாந்தம் ஒன்றே ஒன்றுதான்: நடுவில் அறும். அறுந்தே தீரும். அறுந்தால் என்ன செய்வாய் என்பதை அறுவதற்கு முன்பே யோசித்துவை. கரண்ட் போனால் ஆபீஸ் முழுக்க இருண்டு கிடக்கும், மேனேஜர் அறையில் விசிறி நிற்கும், நெட் வரும் டப்பா மட்டும் தனி பேட்டரியில் கண் சிமிட்டிக்கொண்டிருக்கும். “நமக்கு வேர்த்தாத் தொடச்சுக்கலாமுங்க” என்பார். எதையும் நேராக ஸ்கிரீனில் டைப் அடிக்க மாட்டார். கிழிந்த அட்டைப்பெட்டித் துண்டில் முதலில் பேனாவால் எழுதிக்கொள்வார். அந்த அட்டை மேஜையில் இருக்கும்வரை எந்த ஒயர் அறுந்தாலும் அவருக்குக் கவலை இல்லை.

தையல் பிரிவில் அவர் செய்தது பெரிய காரியம். அங்கே தைத்து முடித்த ஒவ்வொரு பண்டலையும் ஒரு கைமெஷினால் ஸ்கேன் செய்ய வேண்டும். முன்பெல்லாம் நெட் அறுந்தால் அந்த மெஷின் ஆளை வெளியே தள்ளிவிட்டு, மறுபடி பெயர் என்ன, பாஸ்வேர்டு என்ன என்று கேட்கும். தையல் வேலையே நின்றுவிடும். சூப்பர்வைசர் தலையில் அடித்துக்கொள்வார். சிஸ்டம் அக்கா அந்த சாப்ட்வேர் ஆட்களைப் போனில் பிடித்து, ஒண்ணு கேட்டுச்சுங்களா, ரெண்டு கேட்டுச்சுங்களா என்று ஒரு மாதம் உயிரை எடுத்தார். கடைசியில் வழிக்கு வந்தார்கள். நெட் இல்லாவிட்டால் மெஷின் ஸ்கேன் செய்ததைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும். நெட் வந்ததும் வரிசை மாறாமல் ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பிவிடும். அதன்பிறகு நெட் அறுந்ததே தெரியாமல் ஷிப்ட் முடிந்த நாட்கள் உண்டு. “ஆருக்குமே தெரியாம நடந்தா அதுதானுங்க வேல” என்றார். 

“அடுத்து ஆபீஸ் புரோகிராமுங்க. அதுலதான் உங்க ஆர்டரெல்லாம் போகுது. ஆடி முடியட்டும், பாத்துக்கலாம்” என்றும் சொன்னார்.

நேரில் பேசும்போது நம்பர் போடமாட்டார். ஆனால் விட்ட இடத்தை விடவும் மாட்டார். ஒருநாள் தன் தங்கை கல்யாணத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோது, “மண்டபம் பெருசுதானுங்க, ஆனா...” என்கிற இடத்தில் மேனேஜர் கூப்பிட்டுவிட்டார். அன்று மாலை நான் ஊருக்குப் போய்விட்டேன். நான்கு நாள் கழித்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றவில்லை, மேடம் எதிரே வந்து சொன்னார்: “...ரசத்துல உப்பே இல்லீங்க.” எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஒரு மணி நேரம் கழித்துப் புரிந்தபோது தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

என்னைத் திருத்தவும் அவர் முயற்சி செய்யாமல் இல்லை. நெட் அறுந்ததும் நான் பட்டனைக் குத்துவதைப் பார்த்தால் வந்து நிற்பார்.

“பத்து எண்ணுனீங்களா சார்?”

“எண்ணிக்கிட்டே இருந்தா வேல ஆவுமா மேடம்?”

“மொதல்ல பத்து எண்ணோணுமுங்க. வல்லீன்னா இருபது. அப்பவும் வல்லீன்னா நாப்பது. கதவத் தட்டிட்டே இருந்தீங்கன்னா, உள்ள இருக்கறவங்க எந்திரிச்சு வர வேண்டாமுங்களா?”

எனக்குப் பத்து வரை எண்ணுவதற்குள் மூச்சு முட்டும்.

அப்புறம்தான் அந்தக் கிளிப்பச்சை வந்தது.

குழந்தைகளுக்கான இரவு உடுப்பு ஆர்டர். நல்ல பளீரென்ற கிளிப்பச்சையில் ஒரு லாட், அதாவது ஒரே தடவையில் சாயம் ஏற்றும் அளவு, துணி வேண்டும். அன்று மதியத்துக்குள் சாயப்பட்டறைக்கு ஆர்டர் போயாக வேண்டும். எங்கள் புரோகிராமில் எல்லாம் நிரப்பி, ‘அனுப்பு’ பட்டனை அமுக்கினேன். சக்கரம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. வெளியே காற்று ஊளையிட்டது. மறுபடி அமுக்கினேன். எத்தனை தடவை அமுக்கினேன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. நான் எண்ணுகிற ஜாதி இல்லை. பொறுக்க முடியாமல் எழுந்து கீழே ஓடி, வேப்பமரத்தடியில் நின்று அந்த ஒயரையும் கிளையையும் சுத்தத் தென்காசித் தமிழில் திட்டினேன். வாட்ச்மேன் பயபக்தியோடு கேட்டுக்கொண்டிருந்தார்.

திரும்பி வந்தால் என் மேஜைப் பக்கத்தில் சிஸ்டம் அக்கா நின்றிருந்தார். ஸ்கிரீனில் ‘பதிவானது’ என்று இருந்தது.

“போயிருச்சுங்க சார்” என்றார். வழக்கமான பிரசங்கம் அன்றைக்கு இல்லை. தப்பித்தோம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆறாம் நாள் சாயப்பட்டறை வேன் வந்து நின்றது. துணியை இறக்க ஆரம்பித்தார்கள். இறக்கினார்கள், இறக்கினார்கள், இறக்கிக்கொண்டே இருந்தார்கள். ஸ்டோரில் இடம் போதாமல் நடையில் அடுக்கினார்கள். நடை போதாமல் மாடிப்படியில் அடுக்கினார்கள். கம்பெனியே கிளிப்பச்சையாகப் போனது. சாயப்பட்டறைக்குப் போன் போட்டுக் கத்தினேன். “நீங்கதானுங்க மூணு ஆர்டர் அனுப்பிச்சீங்க. மூணு லாட் ஓட்டிட்டேன்” என்றார் அந்த ஆள்.

சிஸ்டம் அக்கா பதிவுகளைக் காகிதத்தில் எடுத்துக்கொண்டு வந்தார். ஒரே ஆர்டர் மூன்று முறை போயிருந்தது. மூன்றுக்கும் நேரே என் பெயர். முதல் தடவை அமுக்கியபோதே ஆர்டர் போய்ச் சேர்ந்துவிட்டதாம். ‘சேர்ந்தது’ என்று திரும்பி வர வேண்டிய பதில்தான் வழியில் அறுந்திருக்கிறது. பதில் வரவில்லையே என்று மறுபடி அமுக்க அமுக்க, அந்தப் பக்கம் ஒவ்வொன்றையும் புது ஆர்டராக எடுத்துக்கொண்டார்கள்.

மேனேஜருக்கு என்னை ஏற்கெனவே ஆகாது. “மொதலாளிகிட்டச் சொல்லித்தான் ஆகோணும்” என்றார். முதலாளி அப்போது உடுமலைப்பேட்டைப் பக்கம் தன் தென்னந்தோப்பில் இருந்தார். அங்கே காற்றாலைகளுக்குக் குறைவில்லை, போன் சிக்னலுக்குத்தான் பஞ்சம்.

“நானே பேசறனுங்க” என்றார் சிஸ்டம் அக்கா. ஒரு அட்டைத் துண்டை எடுத்து ஐந்து வரி எழுதிக்கொண்டார். ஸ்பீக்கரைப் போட்டார். நான் ஓரமாக நின்றேன். காதில் மாமனார் குரல் கேட்க ஆரம்பித்திருந்தது.

“மொதலாளி, அஞ்சு சொல்லோணுமுங்க. ஒண்ணு. கிளிப்பச்ச ஒரு லாட்டுக்கு மூணு லாட் ஆயிருச்சுங்க. ஒண்ணு கேட்டுச்சுங்களா?”

“அட கெரகமே! மூணு லாட்டா? எவன் பண்ணுன வேல அது?”

“ஒண்ணு கேட்டுச்சுங்களா மொதலாளி?”

“கேட்டுது, கேட்டுது!”

“ரெண்டு. பட்டன அமுக்குனது நம்ம மெர்ச்சண்டைசர் சாருங்க...”

லைன் அறுந்தது.

உலகத்தில் எத்தனையோ இடம் இருக்க, சரியாக அந்த இடத்தில் அறுந்தது. நான் பாய்ந்தேன்.

“மேடம், என்ன சும்மா நிக்கீய? கூப்பிடுங்க மேடம்!”

“பத்து எண்ணோணுமுங்க சார்.”

“இங்க என் வேல போவுது, எண்ணிக்கிட்டா இருப்பாவ?”

அவர் எண்ணினார். ஏழு வரும்போது மேனேஜரின் போன் கிணுங்கியது. முதலாளி எப்படியோ ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தார். மேனேஜர் அதை ஆசை ஆசையாக, சத்தமாகவே போட்டார்: “அந்தத் தென்காசிக்காரன நாளையிலிருந்து வர வேண்டாம்னு சொல்லிரு.”

பத்து ஆனது. சிஸ்டம் அக்கா கூப்பிட்டார். கிடைக்கவில்லை. “இருபதுங்க” என்றார். எனக்குத் தாங்கவில்லை. என் போனை எடுத்து நானே முதலாளியைக் கூப்பிட்டேன். அதே நேரத்தில் சிஸ்டம் அக்காவும் இருபதை முடித்துவிட்டுக் கூப்பிட்டார். அதே நேரத்தில் அங்கே கோபத்தில் முதலாளியும் இவரைக் கூப்பிட்டிருக்கிறார். மூன்று பேருக்கும் பிஸி.

“பாத்தீங்களா?” என்றார் சிஸ்டம் அக்கா, கொஞ்சமும் கோபமில்லாமல். “மொதல்ல கூப்புட்டவங்கதான் திரும்பக் கூப்புடோணும். மத்தவங்க காத்திருக்கோணும். இல்லீன்னா ஆருக்குமே கெடைக்காதுங்க. இப்ப நாப்பது. நீங்களும் எண்ணுங்க.”

எண்ணினேன். வாய்விட்டு எண்ணினேன். ஒன்று முதல் நாற்பது வரை, நான் ஒன்றாம் வகுப்புக்குப் பிறகு எண்ணியது அன்றைக்குத்தான். ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு தும்மல் கண்முன் வந்து போனது.

லைன் கிடைத்தது. முதலாளி ஏதோ கத்த வாயெடுப்பதற்குள் இவர் ஆரம்பித்தார்.

“ரெண்டு. பட்டன அமுக்குனது நம்ம மெர்ச்சண்டைசர் சாருங்க.”

“மறுபடியும் அதையே ஏன் மேடம்!” என்று அலறினேன்.

“ரெண்டு கேட்டுச்சுன்னு அவங்க சொல்லவே இல்லீங்களே” என்று என்னிடம் கையைக் குவித்துக் கிசுகிசுத்துவிட்டு, “ரெண்டு கேட்டுச்சுங்களா மொதலாளி?” என்றார்.

“அதான் கேட்டுச்சே! அவனத்தான் நிறுத்தச் சொல்லிட்டனே!”

“சரிங்க. மூணு. நம்ம கட்டிங்ல ஒரே நம்பர் டேக்கோட ரெண்டு பண்டல் வந்துதுன்னா ரெண்டையுமா தெக்கறோம்? ஒண்ண ஓரமா வெக்கறமல்லங்க? அந்த மாதிரி, ஒரே ஆர்டர் எத்தன தடவ வந்தாலும் ஒண்ணத்தான் எடுக்கோணும். மூணு கேட்டுச்சுங்களா?”

முதலாளியும் ஆதியில் கட்டிங் மாஸ்டராக இருந்து வந்தவர். டேக் என்றால், அதுதான் பண்டலில் கட்டும் நம்பர் சீட்டு, அவருக்கு விளக்க வேண்டியதில்லை.

“மூணு கேட்டுச்சு” என்றார். குரல் இறங்கியிருந்தது.

“நாலு. ஆபீஸ் புரோகிராமுக்கு அந்த டேக் கெடையாதுங்க. போடோணும்னு எனக்குத் தெரியும். ஆடி முடியட்டும்னு தள்ளி வெச்சேன். தப்பு என்னுதுங்க. நாலு...”

மறுபடி அறுந்தது. இந்தத் தடவை எல்லோருமே எண்ணினோம். மேனேஜர்கூட வாய்க்குள் எண்ணிக்கொண்டிருந்தார். பத்து ஆனதும் இவர் கூப்பிட்டார், கிடைத்துவிட்டது.

“நாலு கேட்டுச்சு கண்ணு” என்றார் முதலாளி. “அஞ்சு சொல்லு.”

“அஞ்சு. தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கறவங்களுக்கு வருசா வருசம் பனியன் குடுக்கறீங்கல்லங்க. முருகனுக்குப் பச்ச ஆகுமுங்க மொதலாளி.”

தென்னை ஓலைச் சத்தத்துக்கு மேலே முதலாளி சிரிப்பது கேட்டது. “சரி, அந்தத் தம்பிய இருக்கச் சொல்லு. பட்டனப் பக்கம் மட்டும் போக வேண்டாம்னு சொல்லு.”

நான் அப்படியே நாற்காலியில் சரிந்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், அந்த நிமிடம் அவர் காலில் விழுந்திருப்பேன். அவர் என் பக்கம் திரும்பினார்.

“உங்களுக்கு மூணு சொல்லோணுமுங்க சார். ஒண்ணு, போய்த் தண்ணி குடிங்க. ரெண்டு, இனி அமுக்குனதும் கைய எடுத்து மடில வெச்சுக்கங்க. மூணு...” என்று நிறுத்தினார். கையிலிருந்த பதிவுக் காகிதத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். வாயைத் திறந்தார்.

“அக்கா, நெட் போயிட்டு வருது!” என்று யாரோ கத்தினார்கள். எழுந்து ஓடிவிட்டார்.

மறுநாள் கேட்டேன். “மூணு என்ன மேடம்?”

“லைன் கிளியரா இல்லீங்க சார், அப்பறம் சொல்றேன்” என்றார். நாங்கள் நேருக்கு நேர் நின்றுதான் பேசிக்கொண்டிருந்தோம். கேலி செய்கிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

ஆடி முடியும்வரைகூடக் காத்திருக்கவில்லை. ஒரே வாரத்தில் சாப்ட்வேர் ஆட்களை உட்காரவைத்து, ஆர்டர் பாரம் திறக்கும்போதே அதற்கு ஒரு டேக் நம்பர் விழுமாறு செய்துவிட்டார். எத்தனை தடவை அமுக்கினாலும் அந்த நம்பரில் ஒன்றுதான் பதிவாகும். சோதித்துப் பார்க்க என்னைத்தான் கூப்பிட்டார். “அமுக்குங்க சார், உங்க ஆச தீர அமுக்குங்க.” நாற்பது தடவை அமுக்கினேன். ஒரே ஆர்டர்தான் போனது. என் வாழ்நாளில் யாரும் எனக்கு அப்படி ஒரு அனுமதி தந்ததில்லை.

கிளிப்பச்சையை நாங்கள் லேசில் கரைத்துவிடவில்லை. தைப்பூசத்துக்குப் பழனி ரோட்டில் கண்ணுக்கு எட்டியவரை எங்கள் பச்சைதான் நடந்து போனது. மிச்சத்தில் வாட்ச்மேனுக்கு யூனிபார்ம் ஆனது, மெஷின்களுக்கு உறை ஆனது. பக்கத்துப் பாத்திரக் கடையில் குத்துவிளக்கைக்கூட அந்தத் துணியில் சுற்றித்தான் கொடுத்தார்கள். என் வீட்டில் தலையணை உறை, கைப்பிடித் துணி, குழந்தைக்குத் தொட்டில். கம்பெனியில் எனக்குப் பெயரே ‘கிளி சார்’ என்று ஆயிற்று. என் மனைவி இதைத் தன் அப்பாவிடம் சொல்ல, மாமனார் ஒவ்வொரு பொங்கலுக்கும், “மூணு தட்டுதானவே தட்டினீரு?” என்று கேட்டுக் குலுங்கக் குலுங்கச் சிரிப்பார். எட்டு வருஷம் சிரித்தார்.

இரண்டு வருஷம் கழித்து, அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று சிஸ்டம் அக்கா கணியூருக்குப் போய்விட்டார். கிளம்பும்போது எல்லோரிடமும், “போயிட்டு வரேனுங்க” என்றார். என்னிடம் வந்து ஒரு கணம் நின்றார். “சார்...” என்றார். அப்புறம், “போயிட்டு வரேனுங்க” என்றார். விட்ட இடத்திலிருந்து தொடங்காமல் அவர் விட்டது எனக்குத் தெரிந்து அந்த ‘மூணு’ ஒன்றுதான்.

நான் இப்போது தனியாகச் சின்னதாக ஒரு ஆபீஸ் வைத்திருக்கிறேன். போன மாதம் ஒருநாள் மத்தியானம், தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது. எடுத்தேன்.

“மூணு” என்றது குரல்.

யாரென்று கேட்க வேண்டியிருக்கவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

“அன்னிக்கு நீங்க ரெண்டு தடவதானுங்க சார் அமுக்குனீங்க. மூணாவது நானுங்க. நீங்க கீழ மரத்துகூடச் சண்ட போட்டுட்டு இருந்தீங்க. மத்தியானத்துக்குள்ள போகாட்டி உங்களத் திட்டுவாங்களேன்னு அமுக்கிட்டேன். பத்து, இருபது, நாப்பது எல்லாம் எண்ணிட்டுத்தானுங்க அமுக்குனேன். மூணு கேட்டு...”

லைன் அறுந்தது.

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. எட்டு வருஷமாகக் கிளி என்று பெயர் வாங்கியிருக்கிறேன், மாமனாரிடம் பேச்சு வாங்கியிருக்கிறேன். அன்றைக்கு அவர் கொண்டுவந்த பதிவுக் காகிதத்தில் நேரமும் போட்டிருந்தது. பொறுமையாகப் பார்த்திருந்தால் மூன்றாவது பதிவானபோது நான் மரத்தடியில் நின்றது தெரிந்திருக்கும். பொறுமையாகப் பார்க்கிற ஆளா நான்? அப்புறம் சிரிப்பு வந்தது. தப்புச் செய்யும்போதும் அந்த அம்மா நாற்பது வரை எண்ணியிருக்கிறார்! எண்ணாமல் அமுக்கிய எனக்கு இரண்டு லாட், எண்ணி அமுக்கிய அவருக்கு ஒரு லாட். ஆடி முடியும்வரை பொறுக்காமல் அவர் ஏன் அந்த டேக்கைப் போட்டார் என்பது இப்போதுதான் எனக்கு உறைத்தது. ‘தப்பு என்னுதுங்க’ என்று ஊரறியச் சொல்ல முடிந்தவருக்கு, ‘நானும் அமுக்கினேன்’ என்பதை மட்டும் சொல்ல முடியவில்லை. சொல்லியிருந்தால் அதன்பிறகு அந்த ஆபீசில் யார் பத்து வரை எண்ணியிருப்பார்கள்? பாவம், எத்தனை நாள் அதைக் கையில் வைத்துக்கொண்டு திரிந்தாரோ. நினைக்க நினைக்க மனசு கஷ்டமாக இருந்தது.

உடனே கூப்பிடலாம் என்று விரல் அந்த நம்பர்மேல் போய்விட்டது. அவர் இப்போது கிணற்று மேட்டில் நின்று பத்து எண்ணிக்கொண்டிருப்பார். நானும் கூப்பிட்டால் இரண்டு பேருக்கும் பிஸி. விரலை எடுத்தேன். கையை மடியில் வைத்துக்கொண்டேன்.

பத்து ஆயிற்று. வரவில்லை. இருபது எண்ணினேன். எதிரே உட்கார்ந்திருந்த சாயப்பட்டறைக்காரர், “என்னாச்சுங்க சார்?” என்றார். பேசாதீர்கள் என்று கையைக் காட்டினேன். நாற்பதில் முப்பத்தாறு வரும்போது மணி அடித்தது.

“மூணு” என்று முதலிலிருந்து ஆரம்பித்தார். “அன்னிக்கு நீங்க ரெண்டு தடவதானுங்க...”

“மூணு கேட்டுச்சுங்க” என்றேன்.

லைன் இருந்தது, காற்றுச் சத்தம் கேட்டது. மறு கையை மடியிலிருந்து எடுக்காமல் காத்திருந்தேன்.

“எண்ணி முடிய இத்தன வருசம் ஆயிருச்சுங்க சார்” என்றார். “ஊட்ல எல்லாரும் நல்லா இருக்காங்களா? கொழந்த எத்தனாவது படிக்குது?”

போனில் அவர் நம்பர் போடாமல் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான்.